கம்பெனிக் குழியில் பூண்டுப்பாசி

வெள்ளாங்காடு,
அரியலூர் வழி.
13-12-1982

அன்புள்ள மெஹர்,

உனக்கு இனி எழுதுவதில்லை என்றுதான் இரண்டு வருஷமாக இருந்தேன். "பள்ளிக்கூடத்துக்குப் போனா உன் மூளை சாக்பீஸ் தூளா உதிர்ந்துடும்டி" என்று திருச்சி ஜங்ஷனில் அத்தனை பேர் முன்னால் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எம்.ஃபில்லைப் பாதியில் விட்டுவிட்டு நான் டீச்சர் வேலைக்கு வந்தது உனக்குத் துரோகமாகப் பட்டது. எனக்கு அது சோறு. அந்தச் சண்டையைப் பிறகு போட்டுக்கொள்வோம். இன்று நான் பார்த்ததைச் சொன்னால் புரிந்துகொள்ள இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு ஆள் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

பத்தாம் வகுப்புக்கு உயிர்க்கோளம் பாடம். மண், நீர், காற்று இவற்றில் உயிர்கள் வாழும் பகுதி எல்லாம் சேர்ந்தது என்று போர்டில் எழுதினேன். சம்பூர்ணம் என்று ஒரு பெண் எழுந்து நின்றாள். "அது எங்க இருக்கு டீச்சர்? பஸ்ல போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாமா?"

வகுப்பே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் கேட்டதில் என்ன தப்பு? "நடந்தே போலாம், எழுந்திரிங்க" என்று எல்லாரையும் கிளப்பிக் கம்பெனிக் குழிக்குக் கூட்டிப் போனேன். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துவிட்டு, அடுத்த இடத்துக்குப் போன கம்பெனி கைவிட்ட பள்ளம் அது. ஊற்றும் மழையுமாகப் பாதி நிரம்பிக் கிடக்கிறது. செத்த இடம் என்று ஊரில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. செத்த இடத்தில் என்ன உயிர் இருக்கிறது, பார்த்துவிடலாம் என்றுதான் போனேன்.

லாரி போன சரிவில் இறங்கினோம். கல்லைப் படிப்படியாக வெட்டியிருக்கிறார்கள் அல்லவா, அந்தப் படிகளில் ஒன்று தண்ணீருக்குள் இடுப்பளவு ஆழத்தில் அகலமாகப் போகிறது. அதன்மேல் பச்சைப் புல்வெளி! தண்ணீருக்கு அடியில் புல்வெளி, மெஹர்! கையை விட்டுப் பிடுங்கினேன். நறநறவென்று இருந்தது. காரா! கல்லூரியில் சீசாவுக்குள் வெளுத்துப்போய்ப் பார்த்தோமே, அதே காராப் பாசி உயிரோடு ஆடிக்கொண்டு நிற்கிறது. லாரி லாரியாகச் சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு போன இடத்தில் ஒரு பாசி வந்து, தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பை எடுத்துத் தன் மேலேயே பூசிக்கொண்டிருக்கிறது. யார் சொல்லி வந்தது? எப்படி வந்தது?

நான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுது. கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுது.

சிந்தாமணி

திருச்சி,
17-12-1982

சிந்தாமணிக்கு,

கடிதம் கிடைத்தது. நறநறவென்று இருப்பதெல்லாம் காரா ஆகிவிடாது. குளங்களில் வளரும் வேலம்பாசியிலும் சுண்ணாம்பு படியும். அவசரப்பட்டுப் பிள்ளைகளிடம் பெயரைச் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும்.

ஈரத்துணியில் சுற்றி, வாயகன்ற புட்டியில் போட்டு, அரியலூர் பாசஞ்சரில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பு. உலர விடாதே. தண்ணீரும் ஒரு புட்டி தனியாக வேண்டும். வெள்ளைப் பீங்கான் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்து எழுது.

பிள்ளைகளை ஆழமான பக்கம் விடாதே.

மெஹருன்னிசா

பி.கு.: கையில் பூண்டு வாசனை அடித்ததா?

வெள்ளாங்காடு,
21-12-1982

மெஹர்,

அடித்தது! வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நான் அதை எழுத மறந்தால் நீ இங்கே வராமலே முகர்ந்துவிட்டாயே! பிள்ளைகள் இப்போதே அதற்குப் பூண்டுப்பாசி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பீங்கான் தட்டு மறையவே இல்லை. கயிறு தீர்ந்துவிட்டது, தட்டு அப்படியே தெரிகிறது. நம் கல்லூரிக் குளத்தில் முழங்கால் ஆழத்தில் காணாமல் போகுமே, நினைவிருக்கிறதா?

தலைமை ஆசிரியர் அமிர்தலிங்கம் சாருக்கு என்மேல் கடுங்கோபம். "புள்ளைங்க தவறி விழுந்தா நீங்களா பதில் சொல்வீங்க? பாடம் புக்குல இருக்குல்ல, அத நடத்துங்கம்மா" என்றார். நியாயம்தான். அதனால் சரிவில் கயிறு கட்டி, நீச்சல் தெரிந்த காத்தாயி அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் இப்போது போகிறோம். இரண்டாம் முறை அவரே பின்னால் வந்து நின்றார். முக்குளிப்பான் பறவை ஒன்று பாசிக்குள் மூழ்கிப் பூச்சியோடு மேலே வந்தது. "அடேங்கப்பா" என்று பிள்ளைகளுக்கு முன்னால் அவர்தான் கத்தினார்.

ரிசர்ச் என்றால் யுனிவர்சிட்டிக்குள்தான் நடக்கும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். எங்கள் பத்தாம் வகுப்பை வந்து பார். புட்டிகளை, பாசஞ்சரில் திருச்சிக்கு வரும் ராசாங்கம் அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்கு வரும்போது பெரம்பலூரில் பஸ் மாறி இங்கே வா. உன் கண்ணால் பார்த்துவிட்டுத் திட்டு.

சிந்தாமணி

லப்பைக்குடிக்காடு,
4-1-1983

அன்புள்ள சிந்தாமணி,

நேற்று உன்னிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறியதிலிருந்து எனக்குத் தூக்கமும் இல்லை, பசியும் இல்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தப் பயல பாத்துட்டு வந்த?" என்று கேட்கிறாள். ஒரு பாசியைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் நம்பமாட்டேன் என்கிறாள்.

மாஷா அல்லாஹ், என்ன இடம்டி அது! மேலே சுவரில் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கல்சிப்பி. கீழே போன மழைக்கு வந்த பாசி. நடுவில் ஒன்றுமே இல்லை! வெறும் பாறையில் உயிர் முதல் முதலாக எப்படிக் குடியேறுகிறது என்று புத்தகத்தில்தான் படித்திருக்கிறோம். இங்கே அது நம் கண்முன் நடந்துகொண்டிருக்கிறது. பாசி வந்ததால் பூச்சி, பூச்சி வந்ததால் முக்குளிப்பான். இன்னும் ஐந்து வருஷத்தில் யார் யார் வருவார்களோ!

என் ஆராய்ச்சிக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. புரபசருக்கு நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை. ஐந்து வருஷத்துக்கு அந்தக் குழியில் யாரும் கை வைக்கக் கூடாது. துணி துவைப்பது, மாடு குளிப்பாட்டுவது, மீன் விடுவது எதுவும் கூடாது. நீதான் காவல்.

குவைத்திலிருந்து என்ன வாங்கி வரட்டும் என்று அத்தா கேட்டிருந்தார். சென்ட்டும் சேலையும் வேண்டாம், தண்ணீருக்குள் பார்க்கிற கண்ணாடி வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். வந்ததும் உன் பிள்ளைகளுக்குத் தருகிறேன். சம்பூர்ணம்தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

மெஹர்

வெள்ளாங்காடு,
20-3-1983

அன்புள்ள மெஹர்,

இதைப் படித்தால் நீ கோபப்படுவாய். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தது உனக்குத் தெரியும். இப்போது ஊரில் ஒரு கிணற்றிலும் தண்ணீர் இல்லை. ஏரி வெடித்துக் கிடக்கிறது. பெண்கள் பக்கத்து ஊர் போர் பைப்பில் வரிசையில் நின்று, குடத்துக்குக் குடம் சண்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். வகுப்பில் பாதிப் பெண்கள் இல்லை. தண்ணீருக்குப் போயிருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை காத்தாயி அக்கா என்னிடம் வந்தார். "டீச்சர், அந்தக் குழித் தண்ணி கண்ணாடியா இருக்குன்னு நீங்கதான புள்ளைங்களுக்குச் சொன்னீங்க? அப்ப நாங்க குடிக்கலாம்ல?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? ஐந்து வருஷம் ஆராய்ச்சி முடியட்டும் என்றா? ஹெல்த் இன்ஸ்பெக்டரை வரவழைத்துக் காட்டினோம். வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கலாம் என்றார். அன்றே குடங்கள் இறங்கின.

அதோடு நிற்கவில்லை. குழிக்குப் பக்கத்து நிலத்துக்காரர் கருப்பண்ணன் அண்ணன் ஆயில் இன்ஜினைக் கொண்டுவந்து குழியில் பைப் இறக்கியிருக்கிறார். அவருக்கு மிளகாய், இன்னும் நாலு பேருக்குக் கடலை. கருகிக்கொண்டிருந்த பயிர் நிமிர்ந்துவிட்டது. நான் தடுக்கவில்லை.

சிந்தாமணி

திருச்சி,
24-3-1983

சிந்தாமணி,

குடிக்கட்டும். குடிப்பதை நான் வேண்டாம் என்பேனா? எங்கள் ஊரிலும்தான் வெள்ளாறு மணலாகக் கிடக்கிறது.

ஆனால் மிளகாய்க்கு எதற்கு? உனக்குத் தெரியாதா? பாசி நிற்பது அந்த ஒரு படியில்தான். தண்ணீர் இடுப்பளவு இறங்கினால் படி வெயிலில் கிடக்கும். பாசி வெந்து அழுகும். அது அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும் சேறு கலங்கும். அதன்பிறகு குடிக்கவும் இருக்காது, மிளகாய்க்கும் இருக்காது. மூன்று மாதத் தண்ணீரை ஒரு மாதத்தில் குடித்துவிட்டு அப்புறம் எங்கே போவீர்கள்?

நான் சொன்னேன் என்று அந்த ஊர் கேட்குமா? நீ சொன்னால் கேட்கும். நீ டீச்சர். தடுக்கவில்லை என்று எழுத உனக்குக் கை வந்ததே!

மெஹர்

வெள்ளாங்காடு,
10-4-1983

மெஹர்,

உன் கடிதத்தை அப்படியே ஊர்க்கூட்டத்தில் படித்தேன். "கை வந்ததே" என்ற வரி உட்பட. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. பாசி செத்தால் தண்ணீர் கெடுமா, பாசி இருந்தால்தானே கெடும் என்று கேட்டார்கள். அதனால் பிள்ளைகளைப் பேசவிட்டேன். இரண்டு வாரம் முன்பே வகுப்பில் இரண்டு பெரிய புட்டிகளில் குழித் தண்ணீரை ஒரே மாதிரி சேறு கலக்கி வைத்திருந்தோம். ஒன்றில் பூண்டுப்பாசி, இன்னொன்றில் ஒன்றும் இல்லை. இரண்டையும் கூட்டத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்று தெளிந்திருந்தது. இன்னொன்று பழைய மோர் மாதிரி இருந்தது.

காத்தாயி அக்கா எழுந்து வந்து இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அப்ப நாங்க இத்தன நாளா குடிச்சது இந்தப் பாசி வடிகட்டிக் கொடுத்த தண்ணியா?" என்றார். ஆமாம் அக்கா என்றேன். "அப்ப அத வெயில்ல போட்டுக் கொல்லக் கூடாதுல்ல" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிச் சொன்னார். அவ்வளவுதான், பெண்கள் பக்கம் ஒரே சத்தம்!

மறுநாளே சிவப்புப் பெயின்ட் வாங்கி, ஒரு கல்தூணில் கோடு போட்டுக் காயவைத்து, பாசிப் படிக்கு ஒரு முழம் மேலே கோடு வரும்படி தண்ணீருக்குள் சுவரோரம் நிறுத்தினோம். கோட்டுக்கு மேலே உள்ள தண்ணீர் எல்லாருக்கும், பயிருக்கும் சேர்த்து. தண்ணீர் இறங்கிக் கோட்டைத் தொட்டுவிட்டால் குடத்துக்கு மட்டும். கருப்பண்ணன் அண்ணனும் சரி என்றார். அரைமனசாகத்தான். கல்சிப்பிக்குப் பக்கத்தில் அந்தக் கோட்டைப் பார்க்கும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? உயிர்க்கோளம் பாடத்தில் இதுவரை யாரும் எழுதாத பக்கம் அது!

உன் ஐந்து வருஷக் காவல் நடக்காது. இது நடக்கும். என்ன சொல்கிறாய்?

சிந்தாமணி

லப்பைக்குடிக்காடு,
6-5-1983

சிந்தாமணி,

கோடு சரியான உயரத்தில் இருக்கிறதா என்று நான் வந்து அளந்தாலொழிய எதுவும் சொல்லமாட்டேன். (நல்ல யோசனைதான்.)

அத்தா வந்துவிட்டார். தண்ணீர்க் கண்ணாடியும் வந்துவிட்டது. சுங்கத்தில் இது எதற்கு என்று கேட்டார்களாம். "எம்பொண்ணு பாசி பாப்பா" என்றாராம். இதோடு பார்சலில் வருகிறது.

மெஹர்

வெள்ளாங்காடு,
8-6-1983

மெஹர்,

எல்லாம் போயிற்று.

மே கடைசியில் தண்ணீர் கோட்டைத் தொட்டது. இன்ஜின் நின்றது. ஒரு வாரம் நான் அரியலூரில் விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன். திரும்பி வந்தால் பைப் இன்னும் நீளமாக இறங்கியிருக்கிறது. கருப்பண்ணன் அண்ணனின் மிளகாய் பழம் வைக்கும் நேரம். இன்னும் இரண்டு தண்ணீர் விட்டால் போதும் என்று ஓட்டியிருக்கிறார். இரண்டு நாலாகிவிட்டது. தெற்குப் படி முழுக்க வெளியே கிடக்கிறது. பாசி வெள்ளைச் சாம்பலாகக் காய்ந்து, ஓரத்தில் அழுகி நாறுகிறது. தண்ணீர் பச்சைக் குழம்பு. பீங்கான் தட்டை இறக்கினால் சாண் ஆழத்தில் காணவில்லை.

பெண்கள் குடத்தோடு போய் அவர் வாசலில் நின்றுவிட்டார்கள். நானும் போனேன். திட்டத்தான் போனேன். அவரோ எங்களைப் பார்க்காமல் மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "காலையில குழிக்கு ஓட்டிட்டுப் போனேன் டீச்சர். மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. தாகத்துல நாக்கு வெளிய தொங்குது, குடிக்க மாட்டேங்குது" என்றார். பிறகு நடந்துபோய், குழியில் இறங்கி, தன் கையாலேயே பைப்பைப் பிடுங்கி மேலே போட்டார். மிளகாயில் பாதி இனி கருகும். அது அவருக்கும் தெரியும்.

வடக்குப் பக்கம் கொஞ்சம் ஆழம். அங்கே மட்டும் பாசி மிச்சம் இருக்கிறது. சம்பூர்ணம் தண்ணீர்க் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியல டீச்சர்" என்று அழுதாள். உன் ஆராய்ச்சி இடத்தை என்னால் காப்பாற்ற முடியவில்லை. என்ன வேண்டுமானாலும் திட்டு.

சிந்தாமணி

திருச்சி,
11-6-1983

சிந்தாமணி,

உடனே கேள். திட்ட நேரமில்லை.

தெற்குப் படியில் காய்ந்து கிடக்கும் மண்ணை யாரும் வாரிக் கொட்டிவிடக் கூடாது! மேல் மண்ணை விரல் கனத்துக்குச் சுரண்டி, உள்ளங்கையில் தேய்த்து, லென்ஸில் பார். கடுகைவிடப் பொடியாகக் கரிய மணிகள் தெரிகின்றனவா? அது பாசியின் விதை என்று வைத்துக்கொள். காய்ந்தாலும் உள்ளே உயிர் இருக்கலாம் என்று படித்திருக்கிறேன். நம் ஊர் வெயிலில் அது தாங்குமா என்று யாரும் எழுதவில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்!

ஒரு பை மண் எனக்கு வேண்டும். நனைக்காதே. யாரிடமும் கொடுத்தனுப்பாதே, நீயே கொண்டு வா. ஜங்ஷனில் நிற்கிறேன்.

மெஹர்

திருச்சி,
2-8-1983

சிந்தாமணி! சிந்தாமணி!

முளைத்துவிட்டது!

நீ கொண்டு வந்த மண்ணை எனாமல் தட்டுகளில் பரப்பி, சிலவற்றை விரல் ஆழத்துக்கும் சிலவற்றை முழ ஆழத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. லேப் அட்டெண்டர் கூட, "சேத்துக்கு எத்தனை நாளும்மா தண்ணி மாத்துவீங்க?" என்று கேட்டுவிட்டார். இன்று காலை ஆழத்தில் இருந்த தட்டைத் தூக்கினால் ஒரு பச்சை நூல். லென்ஸை வைத்தேன். கணுவைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கிளைகள். அவசரத்தில் லென்ஸைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டேன். அடுத்த தட்டைப் பார்த்தால் அதிலும்! வராந்தாவில் ஓடிப்போய்க் கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட் ஆட்களையெல்லாம் கூப்பிட்டு வந்து காட்டினேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கை தட்டினார்கள்.

இனி இன்னொரு சேதி. குழி கெட்டுப்போய்விட்டது, வேறு குளம் பார் என்று புரபசர் முன்பே சொல்லியிருந்தார். இன்று தட்டை அவர் மேஜையிலேயே கொண்டுபோய் வைத்தேன். "சார், யாரும் தொடாத குளம் இந்த ஜில்லாவில் எங்கே இருக்கு? எவ்வளவு எடுத்தால் தாங்கும், கெட்டால் எப்படித் திரும்பும், இதுதான் என் தலைப்பு" என்றேன். தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்திப் பார்த்தார். "உங்க ஃபிரண்டோட ஸ்கூலையும் சேத்துக்கோங்க. வருஷம் முழுக்க அளக்கறதுக்கு ஆள் வேணுமே" என்றார்.

கேட்டாயா? உன் பத்தாம் வகுப்பு இனி என் ஆராய்ச்சிக்குப் பங்காளி. போன வருஷப் பிள்ளைகள் போய்விட்டாலும் புதுப் பத்தாம் வகுப்பைத் தயார் பண்ணு. கருப்பண்ணன் அண்ணனிடம் இதைச் சொல். பாவம், அவரும் எத்தனை நாள்தான் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்?

மெஹர்

வெள்ளாங்காடு,
20-11-1983

அன்புள்ள மெஹர்,

மழை! பத்து நாளாக விட்டுவிட்டு அடிக்கிறது. பள்ளிக்கூடம் ஒழுகுகிறது, பிள்ளைகள் புத்தகத்தைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கு ஒரே சந்தோஷம். ஏரிக்கு மதகு வரை தண்ணீர். குழியில் சிவப்புக் கோடு முங்கிவிட்டது.

நேற்று கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. கயிற்றைக் கட்டிக்கொண்டு காத்தாயி அக்காவோடு தெற்குப் படியில் இறங்கினேன். சம்பூர்ணம் இப்போது அரியலூரில் பதினொன்று படிக்கிறாள். சனிக்கிழமையானால் இங்கேதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். வைத்தவள் தலையைத் தூக்கவே இல்லை. நான் பயந்துபோய்த் தோளைத் தொட்டேன். "இருங்க டீச்சர், இருங்க, மயிர் மயிரா வந்திருக்கு, படி பூரா!" என்று கத்தினாள். மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். காத்தாயி அக்கா அந்தக் கண்ணாடியைக் கழற்றித் தரமாட்டேன் என்கிறார்!

இதைவிடப் பெரிய விஷயம் இன்று காலை நடந்தது. கிழக்கே கல்லேரியிலிருந்து ஆறேழு பேர் ஞாயிறு என்றும் பாராமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அங்கேயும் கைவிட்ட குழி ஒன்று இருக்கிறதாம். வெறும் கலங்கல். கோடையில் எங்கள் ஊர்க் கூத்தைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். "எங்க குழிக்கும் ஒரு கோடு போட்டுத் தாங்க. அந்தப் பாசியும் கொஞ்சம் வேணும்" என்றார்கள். அமிர்தலிங்கம் சார் அவர்களை உட்காரவைத்து, என்னைக் கூப்பிடாமல், உயிர்க்கோளம் பாடத்தை அவரே நடத்திக்கொண்டிருந்தார்! நான் ஜன்னலோரம் நின்று கேட்டேன். நன்றாகவே நடத்துகிறார்.

அப்போது வாசலில் வண்டிச் சத்தம். கருப்பண்ணன் அண்ணன். கோடையில் படியின் ஒரு ஓரத்தில் மட்டும் நாங்கள் சுரண்டிய காய்ந்த மண்ணை மழை படாமல் தன் வீட்டுப் பரணில் சாக்கில் கட்டி வைத்திருந்தார் அல்லவா, அந்த மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். "நாந்தான் கெடுத்தேன். நானே கொண்டுபோய் வெதைக்கிறேன். எந்த ஆழத்துல போடணும்னு மட்டும் திருச்சி டீச்சர கேட்டுச் சொல்லுங்க" என்றார். உன்னை அவர் டீச்சர் என்றுதான் சொல்கிறார். கோபித்துக்கொள்ளாதே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம். எந்த ஆழம், சீக்கிரம் எழுது.

சிந்தாமணி

திருச்சி,
23-11-1983

சிந்தாமணி,

கோபமா? இரண்டு தரம் படித்துப் பார்த்துக்கொண்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆழம் முழத்துக்குக் குறையக் கூடாது, ஆள் உயரத்தைத் தாண்டக் கூடாது. குழி முழுக்கக் கொட்டிவிட வேண்டாம் என்று கருப்பண்ணன் அண்ணனிடம் சொல். ஒரு பக்கத்தைச் சும்மா விடுங்கள். எது தானாக வருகிறது, எது நாம் போட்டு வருகிறது என்று தெரிய வேண்டாமா? கல்லேரிக்காரர்கள் ஏன் என்று கேட்பார்கள். அமிர்தலிங்கம் சாரே பதில் சொல்லட்டும்.

நான் சனிக்கிழமை பாசஞ்சரில் அரியலூர் வந்து இறங்குகிறேன். முதல் மூட்டையை நான் வருவதற்குள் யாராவது அவிழ்த்தீர்களோ, அவ்வளவுதான். நல்ல சேலை எதுவும் எடுத்து வரவில்லை. சேற்றில் இறங்கத்தான் வருகிறேன்.

மெஹர்